விளாவுகிற சூடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் நால்வருக்கும்,

இப்படிப்பட்ட கடிதத்தை ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு முப்பத்து மூன்று வயது. அடுத்த மாதம் ஓசூர் கிளைக்குப் பொறுப்பேற்கப் போகிறேன். என் மேசையும், அலமாரியும், அதிலிருக்கும் பதினோரு நோட்டுகளும் உங்களிடம் வருகின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். முக்கியமாக நான்காவது நோட்டை.

குழாயின் விட்டம், தொட்டியின் கொள்ளளவு, மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் குழல்களை எந்தச் சாய்வில் நிறுத்துவது, நம் மாவட்டத்து உப்புத் தண்ணீர் ஒரு வால்வை எத்தனை மாதத்தில் அடைக்கும் என்பதெல்லாம் அலுவலகக் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதியை நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன். கையேட்டில் இல்லாதது மட்டும் இங்கே.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு பேர் தங்கும் ஒரு முதியோர் இல்லம். நான் தனியாகப் பொறுப்பேற்று வடிவமைத்த முதல் வேலை அது. அதுவரை அங்கே பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, வாளி வாளியாகச் சுமந்துகொண்டிருந்தார்கள். இல்லத்தின் தலைவர் தருமபுரியில் புளி மண்டி வைத்திருப்பவர். கறாரான மனிதர், ஆனால் கஞ்சர் இல்லை. அன்றாட நிர்வாகம் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரிடம். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள்.

தலைவர் முதலில் கேட்டது வெந்நீர் மட்டுமல்ல, அறைக்கு அறை ஹீட்டரும்தான். "மார்கழியில பல்லு கிட்டிப்போவுதுன்னு சொல்றாங்கம்மா. எத்தன வேணும்னு பாத்து எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கலாம். நம் முதலாளியும் (நீங்களும் அவரை சார் என்றுதான் கூப்பிடப்போகிறீர்கள்) அதைத்தான் எதிர்பார்த்தார். நான் ஒரு விடியற்காலை வெப்பமானியோடு போய் எல்லா அறைகளிலும் அளந்தேன். படுக்கும் அறைகள் இருபத்தொரு டிகிரி. குளியலறைகள் பதினாறு. வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, வெறும் சிமெண்டு ஜாலி. அந்தக் காற்றில் ஐந்தரை மணிக்கு எல்லோரையும் குளிக்க வைத்தார்கள். காட்டு வேலைக்குப் போன காலத்துப் பழக்கம் அப்படியே தொடர்ந்திருக்கிறது. குளிர் அறையில் இல்லை, குளிக்கும் நேரத்தில் இருந்தது.

அதனால் மூன்று வரி எழுதினேன்: ஜாலிக்குக் கண்ணாடி. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. குளியல் எட்டு மணிக்குமேல். ஹீட்டர் வேண்டாம்.

"விக்கறதுக்கு அனுப்புனா, வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்க" என்றார் சார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

இல்லத்தில்தான் பெரிய எதிர்ப்பு. "குளிக்காம எப்படி டீத்தண்ணி குடிக்கறது?" என்று ஒரு மூதாட்டி சிஸ்டரிடம் சண்டைக்கே போய்விட்டார். முகம் கழுவிவிட்டு டீ, டீக்குப் பிறகு குளியல் என்று ஒரு சமரசத்துக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த மார்கழியில் பல் கிட்டியதாக யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த மூன்று வரியை நினைத்தால் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையோடுதான் அடுத்த வேலையை, வெந்நீரை, எடுத்துக்கொண்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

என்னிடம் பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. எத்தனை பேர், எத்தனை பேருக்குப் பிறர் தண்ணீர் வார்க்கவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை படுக்கைவிரிப்பு துவைக்கிறார்கள், இப்படி. இல்லத்தின் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிஸ்டர் பாதிக்குப் பதில் சொன்னார். மீதிக்குச் சாலம்மா சொன்னார்.

சாலம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கம்பைநல்லூர்ப் பக்கம். இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க வைப்பது எல்லாம் அவரும் இன்னும் இரண்டு பெண்களும்தான். சாலம்மா மூத்தவர். ஏழு வருடமாக அங்கேயே ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தார். அதற்குமுன் ஒரு டிபன் கடையில் இட்லித் தட்டுகளை ஆவியிலிருந்து வெறும் கையால் எடுத்துப்போடும் வேலை. இந்த விவரத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை. என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

ஏழாவது கேள்வி: குளிக்கிற தண்ணீர் எவ்வளவு சூடு வேண்டும்?

"விளாவுற சூடு இருந்தாப் போதுங்க பாப்பா" என்றார் சாலம்மா.

எழுதிக்கொண்டேன். எட்டாவது கேள்விக்குப் போனேன்.

அப்புறம் நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி. அதிலிருந்து வரும் கொதிநீரைக் குளியலறைக்குள் நுழையும் இடத்திலேயே பச்சைத் தண்ணீரோடு கலந்து, நாற்பத்தொரு டிகிரிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளும் வால்வு. குளியலறையில் ஒரே குழாய். திறந்தால் உடம்பில் ஊற்றக்கூடிய பதத்தில் தண்ணீர். யாரும் எதையும் கலக்கவேண்டாம், யாருக்கும் சுடாது. துணி துவைக்கும் இடத்தில் மட்டும் கலக்காத தண்ணீருக்குத் தனிக் குழாய், படுக்கைவிரிப்புகளுக்காக. அதன்மேல் சிவப்பு எழுத்தில் 'அதிகச் சூடு' என்று ஒட்டினேன். ஒப்படைப்புப் பட்டியலில் இருபத்தாறு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிஸ்டர் டிக் அடித்து, கடைசியில் அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். அது மாசி மாதம், நல்ல வெயில்.

பத்து மாதம் எந்தப் புகாரும் வரவில்லை. புகார் வராததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு சிஸ்டர் போன் செய்தார். குரலில் பதற்றமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாதையன் அய்யாவுக்கு ரெண்டு காலும் பொத்துப்போச்சும்மா. டாக்டர் வந்து கட்டுப் போட்டுட்டாரு. உங்க சுடுதண்ணிதான். பன்னண்டு மணிக்கு தலைவர் வர்றாரு. உங்க முதலாளியக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

மாதையன் பழைய லாரி ஓட்டுநர். இருபது வருடச் சர்க்கரை. பாதங்களில் உணர்ச்சி இல்லை. அது இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். என் பட்டியலிலும் 'கால் உணர்ச்சி குறைந்தவர்கள்: 3' என்று இருந்தது.

அதியமான்கோட்டை அலுவலகத்திலிருந்து நாங்கள் கிளம்பியபோது காரில் சார் மூன்றே கேள்வி கேட்டார்.

"வால்வு சரியா இருக்கா?"

"போய் அளந்தாத்தான் தெரியும் சார்."

"எச்சரிக்கை ஒட்டுனமா?"

"ஒட்டியிருக்கு."

"ஒப்படைப்புல கையெழுத்து?"

"ரெண்டு பேரும் போட்டிருக்கோம்."

"அப்ப சரி. அங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததச் சொல்லாத."

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதினெட்டுக் குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அப்படித்தான் யோசிப்பார்.

இல்லத்துக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து வெப்பமானியை நீட்டினேன். நாற்பத்தொன்று. மூன்று குளியலறையிலும் நாற்பத்தொன்று. துணி துவைக்கும் இடத்துக் குழாயில் எழுபத்தாறு. பொங்கலுக்குப் பெரும்பாலோரைப் பிள்ளைகள் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆறு பேர்தான் இருந்தார்கள். மூன்று நாள் நல்ல வெயில். தொட்டித் தண்ணீர் செலவாகாமல் வழக்கத்தைவிட அதிகமாகக் காய்ந்திருக்கிறது. யாரோ துணிக்கான குழாயில் பிடித்து மாதையனின் காலில் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் தவறு எங்களுடையது இல்லை.

அந்த நிமிடம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் வரும். மனிதர் ஒருவர் கால் வெந்து படுத்திருக்க, என் வால்வு சரியாக இருக்கிறது என்ற நிம்மதி. அது வந்தால் உடனே கிளம்பிப் போய்விடாதீர்கள். இன்னும் ஒருவரிடம் பேசுங்கள்.

சாலம்மா பின்கட்டில், முன்பு விறகடுப்பு இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒயர் கூடை. அதில் மடித்து வைத்த இரண்டு புடவைகள், ஒரு சீப்பு, செல்போன் சார்ஜர். அவரை யாரும் இன்னும் போகச் சொல்லவில்லை. அவரே கட்டிவைத்துக்கொண்டார்.

"பெருசா ஒண்ணும் எடுக்கலீங்க" என்றார் கூடையைப் பார்த்த என்னிடம். "வெளிய போன்னு சொன்னப்புறம் உள்ள போயி தேடிக்கிட்டிருந்தா அசிங்கம். பொசுக்கிப்போட்டவன்னு பேரு வந்துட்டா வேற எந்த இல்லத்துலயும் சேக்க மாட்டாங்க. தெரியுது."

நடந்ததைச் சொன்னார். மாதையன் குதிகால் வெடிப்பு வலிப்பதாகச் சொல்லி, காலைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கச் சொல்லியிருக்கிறார். சாலம்மா துணிக் குழாயில் சூடான தண்ணீர் பிடித்து, தினமும் விளாவுகிற அதே கணக்கில், மூன்று மக் சூடு, மூன்று மக் பச்சைத் தண்ணீர் என்று டப்பில் ஊற்றியிருக்கிறார். கையை விட்டுப் பார்த்திருக்கிறார். சரியாக இருந்திருக்கிறது. மாதையன் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் படித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

"கை சொல்லலீங்க பாப்பா" என்றார். "இந்தக் கை எத்தன வருசம் இட்லித் தட்டு எடுத்த கை. அது சூடுன்னு எதத்தான் சொல்லும்?"

"குளியலறையில பதமான தண்ணி வருதே. ஏன் அங்க புடிக்கல?"

சாலம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான்.

"அது தண்ணியாங்க? வாளி ரொம்பறதுக்குள்ள ஆறிப்போவுது. ஐப்பசி மழையில ஒருத்தரும் அதுல ஒரு மக்கு ஊத்த வுடல. வெடவெடன்னு நடுங்குனாங்க. மூட்டுவலிக்காரங்களுக்கு உடம்புல ஏற வேணாமா? நல்லவேள, நீங்களே பின்னால ஒரு கொழா வெச்சு 'அதிகச் சூடு'ன்னு எழுதியும் வெச்சிருந்தீங்க. இன்ஜினியர் பாப்பா நாம கேட்டத மறக்கல, எடத்தத்தான் மாத்தி வெச்சிருச்சுன்னு அன்னிக்கிப் பேசிக்கிட்டோம்."

என் எச்சரிக்கையை அவர்கள் அறிவிப்பாகப் படித்திருக்கிறார்கள்.

"நாம கேட்டதுன்னா?"

"அதான், விளாவுற சூடு."

நான்காவது நோட்டு என் பையில் இருந்தது. ஏழாவது கேள்வியைத் தேடினேன். உங்களிடம் வரும்போது அந்தப் பக்கத்தின் ஓரம் மடிந்திருக்கும். நீல மையில், என் நல்ல கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

7. விளாவுற சூடு = குளிக்கும் சூடு = 41.

எங்கள் வீடு தருமபுரி டவுனில். நான் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அம்மா காலையில், "தண்ணி விளாவி வெச்சிருக்கேன், போயிக் குளி" என்று எழுப்புவார். எனக்கு விளாவிய தண்ணீர் என்றால் போனதும் அப்படியே தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர். சாலம்மா சொன்னது விளாவுன சூடு இல்லை. விளாவுற சூடு. இனிமேல்தான் விளாவவேண்டிய தண்ணீர். பச்சைத் தண்ணீரைச் சேர்த்தாலும் தாங்கும்படியான, வாளியைச் சுமந்துபோய் ஆளை உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றும்வரை ஆறாமல் நிற்கும்படியான சூடு. ஒருவருக்குக் கொஞ்சம் கூட, ஒருவருக்குக் கொஞ்சம் குறைய என்று ஆளுக்குத் தக்கபடி அவரே பதம் பார்த்துக்கொள்வதற்கான சூடு. இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நான் எப்போதும் விளாவி வைத்த தண்ணீரில் குளித்தவள். விளாவியவள் இல்லை.

அவர் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு சமக்குறியைப் போட்டு அதை வேறொன்றாக்கியிருக்கிறேன். அவருக்கு வேண்டிய தண்ணீரை அவர் வேலை செய்யும் இடத்தில் கொடுக்காமல், எந்தக் காவலும் இல்லாத ஒரு மூலையில் எழுபத்தாறு டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குத் தலைவரின் கார் வந்தது. அலுவலக அறையில் தலைவர், சிஸ்டர், சார், நான். சாலம்மா கதவுக்கு வெளியே, கூடையோடு.

தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க மெஷினு கோளாறா, இல்ல எங்க ஆளு கோளாறா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும். அவரு மகன் பெங்களூர்லருந்து கெளம்பிட்டாரு. நான் பதில் சொல்லணும்."

சார் ஒப்படைப்புப் பட்டியலை மேசையில் வைத்தார். "வால்வ இப்பத்தான் அளந்தோங்க. சரியா இருக்கு. குளிக்கறதுக்குக் குடுக்காத கொழாயில புடிச்சிருக்காங்க. மேல எழுதியும் ஒட்டியிருக்கு."

தலைவர் பட்டியலைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலை குனிந்து, "அவள நாந்தாங்க சேத்தேன். ஏழு வருசத்துல ஒரு கீறல் விழுந்ததில்ல" என்றார்.

"விழுந்திருச்சில்ல" என்றார் தலைவர். வெளியே பார்த்து, "ஏம்மா, உள்ள வா" என்று கூப்பிட்டார்.

சாலம்மா உள்ளே வந்து நின்றார். கூடையைக் கீழே வைக்கவில்லை.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் என்றால், எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. இந்தத் தொழிலில் நீங்கள் எடுக்கும் கடினமான முடிவுகளில் பாதி இப்படித்தான் வரும். பொய் சொல்லும்படி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

நோட்டைத் திறந்து பட்டியலின்மேல் வைத்தேன்.

"இவங்க கேட்டது விளாவுறதுக்குத் தண்ணி. நான் விளாவுன தண்ணி குடுத்திருக்கேன். கேட்ட சூடு குளியலறையில வரல. அதனாலதான் அந்தக் கொழாய்க்குப் போனாங்க. வால்வு சரியா இருக்கு, ஆனா அத வெச்ச யோசனை தப்பு. அது என்னுது. இது என் கையெழுத்து."

சார் என்னைப் பார்க்கவில்லை.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு சாலம்மாவிடம், "நீ இதச் சொன்னியாம்மா?" என்றார்.

"சொன்னேங்க. ஆனா காலு விசயத்துல நானுந்தாங்க தப்பு. அவரு கேட்டாருன்னு ஊறப்போட்டிருக்கக் கூடாது. சர்க்கரைக்காரரு. சிஸ்டர் எத்தன தடவ சொல்லியிருக்காங்க."

"அது தனி. அத சிஸ்டர் பேசட்டும்." என் பக்கம் திரும்பினார். "இப்ப சொன்னத எழுதிக் குடுப்பீங்களா? அவரு மகன்கிட்டக் காட்டணும்."

"குடுக்கறேன். எப்ப மாத்துவோம்னும் சேத்து எழுதறேன்."

அப்போதுதான் சார் வாயைத் திறந்தார். "பத்து நாளுங்க. எங்க பொறுப்பு. அதுவரைக்கும் அந்தக் கொழாயக் கழட்டி அடைச்சிட்டுத்தான் இன்னிக்கி இங்கருந்து போவோம்."

தலைவர் எழுந்தார். வாசலைத் தாண்டும்போது சாலம்மாவிடம், "கூடையக் கொண்டுபோயி உள்ள வையி. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு, பெரியவங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார்.

சாலம்மா கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து எனக்கும் சாருக்கும் இரண்டு டம்ளர் மோர் வந்தது.

திரும்பும் வழியில் டோல்கேட்டில் கார் நின்றபோது சார், "இனிமே நோட்டுல சமக்குறி போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு" என்றார். அடுத்த இல்லத்துக்கான வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

பத்து நாளில் இரண்டு காலை நேரத்தை வரைபடத்துக்குச் செலவிடவில்லை. குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதுவரைக்கும் அண்டாவில் காய்ச்சிய தண்ணீரைச் சாலம்மா விளாவி வார்ப்பதைப் பார்த்தேன், குளிக்கிற பெண்களின் சம்மதத்தோடு. நான் எழுதியதில் சில: வாளியிலிருந்து தோளுக்குப் போவதற்குள் தண்ணீர் இரண்டு டிகிரி இழக்கிறது. முதல் மக் எப்போதும் காலில், தலையில் இல்லை. ஒருவருக்குக் குளித்து முடிப்பதற்குள் மூன்று முறை விளாவுகிறார். முடியாதவர்களிடமும் "போதுமா, இன்னுங் கொஞ்சம் சேக்கட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அங்கே பலருக்கு அன்றைய நாளில் சொந்தமாக எடுக்கும் ஒரே முடிவு. ஒரே பதத்தில் ஒரே குழாய் வைத்து நான் அதையும் எடுத்துவிட்டிருந்தேன்.

மாற்றியது இதுதான். கலப்பு வால்வை மாடியில், தொட்டியின் வாயிலேயே வைத்தோம். கட்டடத்துக்குள் எந்தக் குழாயிலும் ஐம்பது டிகிரிக்குமேல் வராது. துணிக்கான கொதிநீர் நேராகச் சலவை இயந்திரத்துக்குள் போகிறது. நடுவில் வாளி வைக்க இடமே இல்லை. குளியலறையில் இரண்டு குழாய்கள், ஒன்று பச்சைத் தண்ணீர், ஒன்று விளாவுகிற தண்ணீர். வாளிக்குள் ஒரு சிவப்புக் கோடு. அது சாலம்மாவின் யோசனை. "மொதல்ல பச்சத்தண்ணி கோடு வரைக்கும். அப்புறந்தான் சூடு. மாத்தி ஊத்துனா யாரா இருந்தாலும் வாளியப் புடுங்கிருவேன்" என்று மற்ற இரண்டு பெண்களிடமும் சொல்லி வைத்தார். மிதக்கும் வெப்பமானி ஒன்று ஒவ்வொரு வாளிக்கும். கையால் பார்ப்பதை நிறுத்திவிட்டு முழங்கையின் உள்பக்கத்தால் பார்ப்பது. இட்லித் தட்டு எடுத்த கைக்கும் முழங்கை மென்மையாகத்தான் இருக்கும்.

மாதையனின் கால் ஆற ஏழு வாரம் ஆயிற்று. நான்கு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை கட்டுப் போட்ட கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானே சொல்லியிருக்கணும் பாப்பா" என்றார். "ஆனா எங்கிட்டச் சொல்லவேண்டிய காலே சொல்லலியே. முப்பது வருசம் பிரேக்க மிதிச்ச காலு. இப்ப ஸ்ட்ரைக்கு." கடைசி முறை போனபோது சாலம்மாவை வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார். "ஏ சாலா, காலு ஊற வெக்கறியா?" சாலம்மா துணி மடித்துக்கொண்டே, "வெக்கறேன், பிரிட்ஜுக்குள்ள" என்றார்.

அந்த அமைப்பு இன்றும் ஓடுகிறது. உப்பு அடைத்த வால்வை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். யார்மீதும் சூடு பட்டதில்லை. அதற்குப்பின் நம் அலுவலகம் ஆறு இல்லங்களுக்கு வெந்நீர் கொடுத்திருக்கிறது, ஆறும் என் வரைபடம். பெருமை இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் எது அதிகப் பெருமை என்று கேட்டால், வரைபடங்களைச் சொல்ல மாட்டேன்.

சென்ற மாதம் கம்பைநல்லூரில் ஒரு புதிய இல்லத்தை ஒப்படைத்தோம். சிஸ்டரிடம் கேட்டு, சாலம்மாவை ஒரு நாள் அழைத்து வந்திருந்தேன். அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தி கேட்டாள், "மீட்டருதான் மெதக்குதே, அப்புறம் எதுக்குக்கா முழங்கை?"

"மீட்டரு ஒடஞ்சிட்டா இன்ஜினியர் பாப்பா ஓசூர்லருந்து வந்து கைய வுடுவாங்களா?" என்றார் சாலம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவர் கோடுவரை பச்சைத் தண்ணீர் பிடித்தார். விளாவினார். முழங்கையை வைத்தார். "இது நாப்பதுக்கு மேல கொஞ்சம்" என்றார். வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

நம் கேள்விப் பட்டியலில் இப்போதும் பதினான்கு கேள்விகள்தான். ஏழாவது கேள்விக்கு எதிரே மட்டும் பெரிய கட்டம் இருக்கும். அதற்குக் கீழே 'அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதவும். பிறகு செய்து காட்டச் சொல்லவும்' என்று அச்சிட்டிருக்கும். அந்த வரி என்னுடையது.

ஒப்படைப்புப் படிவத்திலும் ஒரு மாற்றம் உண்டு. முன்பு இரண்டு கையெழுத்து, நிர்வாகியுடையது, நம்முடையது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட இருவருமே ஒரு வாளி தண்ணீர் பிடிக்காதவர்கள். இப்போது மூன்று கட்டங்கள். முதல் கட்டம் தண்ணீர் வார்ப்பவருக்கு. முதல் வாளியை அவர் தன் கையால் விளாவி, சரி என்று சொன்ன பிறகுதான் அது நிரம்பும். கம்பைநல்லூர்ப் படிவத்தில் அந்த ஐந்து பெண்களும் போட்டிருக்கிறார்கள். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், யாரும் கேட்காமலே சாலம்மாவும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

உங்கள் முதல் இல்லத்தில் மற்ற இருபத்தாறு வரியும் சரியாக இருந்து, அந்த முதல் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள்.